சலவைக்குப் போன நாலாம் அத்தியாயம்

"இந்த டீ ஆறதுக்குள்ள நாலாம் அத்தியாயத்தத் தூக்கி ரெண்டாவதா வெச்சி, பக்க நம்பரு, பட நம்பரு, பொருளடக்கம் எல்லாத்தையும் மாத்திக் காட்டறேன் வாப்பா. ஒரு நம்பரக்கூட நான் கையால தொடமாட்டேன்."

ஷஹனாஸ் இப்படிச் சொன்னதும் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் காற்று நின்றுவிட்டது. எதிர்க்கடை பச்சையப்பன் எண்ணெயில் விட்ட போண்டா மூழ்குவதா மிதப்பதா என்று தெரியாமல் நடுச்சட்டியில் நின்று காது கொடுத்தது. ரயிலடிப் பக்கம் ஊதிய ரயில்கூடப் பாதி ஊதலில் நிறுத்திக்கொண்டது.

ஜலாலுதீன் முகத்தைச் சுளித்தார். அவர் சுளிப்பு ஊரறிந்த சுளிப்பு. மூக்கும் புருவமும் ஒன்றையொன்று தேடிப் போய் நடுவழியில் கைகுலுக்கும். மூக்குக் கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறிவிடும். ஆவி பறக்கும் டீ கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"தூ! ஆறதுக்குள்ளயா? இந்த டீ ஆறி, கிளாஸு கழுவி, பச்சையப்பன் பேரன் அதுல டீ குடிக்கிற வரைக்கும் ஆவும்."

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. இருபது வருஷமாக 'ஜலால் டிடிபி அன்ட் ஜெராக்ஸ்' நடத்துகிறவர். ஆரம்பாக்கத்திலிருந்து பொன்னேரி வரை அவர் தட்டாத கல்யாணப் பத்திரிகை கிடையாது. பக்க எண் வேண்டுமா, பக்கத்தின் அடிக்கு வரும்வரை என்டர் தட்டித் தட்டி இறங்கி, அங்கே கையால் எண்ணை அடிப்பார். வரி நேராக நிற்க வேண்டுமா, ஸ்பேஸ் பாரைக் குத்திக் குத்தித் தள்ளுவார். அந்த வேலையில் அவர் வலது கட்டைவிரல் வீங்கி வீங்கி ஒரு வாழைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. முதல் பக்கத்தில் யாராவது ஒரு வரி சேர்த்தால் போச்சு. கடைசிப் பக்கம் வரை என்டர்கள் இடம் மாறும், எண்கள் நடுப்பக்கத்தில் வந்து உட்காரும், ஜலாலுதீன் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேச மாட்டார்.

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழவேற்காட்டுப் பெண் மெஹர்னிசாவுக்கும் ஜலாலுதீனுக்கும் பிள்ளைகள் இரண்டு. மகள் ஷஹனாஸ், தொழிற்பேட்டைப் பக்கத்து ஓடைத் தண்ணீரில் கலந்திருக்கும் குரோமியத்தை இறால் ஓட்டுத் தூளால் பிரித்தெடுப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதற்காக நாலு வருஷம் மொட்டை மாடியில் இறால் ஓடு காய்ந்தது. நாற்றத்தில் காக்கைகள் தடா வழியாக ஆந்திராவுக்கே குடிபெயர்ந்தன. வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு தட்டில் வஞ்சிரம், அடுத்த தட்டில் பச்சை நிற ஓடைத் தண்ணீர் பாட்டில்கள். ஜலாலுதீன் நாலு வருஷமாக ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை.

ஆய்வேட்டை இன்று சாயங்காலத்துக்குள் சென்னையில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அவள் பதிவு காலாவதி. இறால் ஓடு, ஓடை, நாற்றம் எல்லாம் முதலிலிருந்து. இந்த அழகில் நேற்று ராத்திரி கைடு போன் செய்து, "நாலாம் அத்தியாயத்தை இரண்டாவதாக வையம்மா, அப்போதான் ஓட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பத்து மணிக்கு மின்வெட்டு. அதற்குள் அச்சடித்து முடித்தால்தான் ரயிலைப் பிடித்து, திருவல்லிக்கேணியில் காத்திருக்கும் பைண்டரிடம் சேர்க்க முடியும்.

மகன் மொஹசின்? அந்தப் பெயர் இந்தக் கடையில் ஒரு வருஷமாக உச்சரிக்கப்படவில்லை. சென்னையில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் பக்கம் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். குறிகளோடு எழுதிக் கொடுத்தால் தானே பக்கம் கட்டும் லாடெக் என்ற இந்தச் சமாச்சாரத்தை ஒரு சிடியில் முதலில் இந்தக் கடைக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். "கையால பக்க நம்பரு போட்டுகினு இருக்காத வாப்பா, ஊரே சிரிக்குது" என்று அவன் சொன்ன அன்றே, சிடியும் அவனும் தெருவில் விழுந்தார்கள். சிடியை ஷஹனாஸ் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இத்தப் பாரு, இத்தப் பாரு" என்று ஜலாலுதீன் திரையை விரலால் தட்டினார். "இது தீசிஸா? எலி ஓடின சாணித்தாள் மாதிரி கீது. எங்கப் பாரு சாய்கோடு, எங்கப் பாரு பிறை பிறையா அடைப்புக்குறி. தடி எழுத்து வேணும்னா பட்டனு அமுக்கினா தடியா வருது. அத வுட்டுட்டு 'இது தலைப்பு'ன்னு எழுதிக் காட்டுவாளாம். மிஷினுக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

"தலைப்புன்னு மட்டும்தான் நான் சொல்லணும் வாப்பா. அது எவ்ளோ பெருசு, எந்த எடத்துல நிக்கணும், எத்தினாவது நம்பரு, அதெல்லாம் அது பாத்துக்கும்."

நாஷ்டா டிபனோடு வந்த மெஹர்னிசா இதைக் கேட்டாள். கம்ப்யூட்டர் மௌஸைக் கையால் தொட்டதில்லை அவள்; எலி என்றால் எலிதான். ஆனால் ஐந்நூறு பேர் பந்தியை உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்தியவள்.

"இதுல இன்னா பேஜாரு? இது பிரியாணி, இது தால்ச்சா, இது கத்திரிக்கா பச்சடின்னு நான் சட்டிமேல சீட்டு ஒட்டி அனுப்பறேன். எது தட்டுல எந்தப் பக்கம் வைக்கணும்னு பரிமாறவனுக்குத் தெரியும். பந்தி எடத்த மாத்தினா நான் சட்டிய மறுபடியுமா ஆக்கறேன்?"

"அதேதான் உம்மா!" ஷஹனாஸ் எழுந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

ஜலாலுதீன் டிபனை ஓரமாகத் தள்ளினார். இருபது வருஷத் தொழிலைத் தால்ச்சாவோடு சேர்த்துக் கலக்கிவிட்டாள்.

அவர் மனதுக்குள் ஒரு விஷயம் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. அது மகளுக்குத் தெரியாது. விடிந்ததும் ஷஹனாஸ் குளிக்கப் போயிருந்தபோது அவர் கடையைத் திறந்தார். திரையில் நாலாம் அத்தியாயம் திறந்து கிடந்தது. படித்தார். அருவருப்பில் ரோமம் நின்றது. ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு! தொண்ணூற்று நாலு, சாய்கோடு, சதவீதம். எழுபத்திரண்டு, சாய்கோடு, சதவீதம். மற்ற சாய்கோடுகளாவது ஏதோ சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இவை சும்மா ஒட்டிய ஈக்கள்.

அவர் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் முதலில் அதற்குச் சலவை போடுவார். தேவையில்லாத புள்ளி, இரட்டை கமா, விரல் தவறி விழுந்த கோடு எல்லாவற்றையும் 'ரீப்ளேஸ் ஆல்' போட்டு ஒரே அடியில் துடைப்பார். அதற்குத் தனியாக டப்பு வாங்குவதில்லை, சேவை. மகள் ஃபைலுக்கும் அந்தச் சேவையைச் செய்தார். சதவீதக் குறிகளின் முதுகில் ஏறியிருந்த சாய்கோடு மொத்தமும் ஒரே தட்டில் காலி. சேமித்து மூடிவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டி விட்டது போலிருந்தது. பட்டம் வாங்கும் நாளில் சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

"ஆரம்பிக்கிறேன்" என்றாள் ஷஹனாஸ்.

அவள் செய்தது ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன ஃபைலைத் திறந்தாள். அதில் அத்தியாயங்களின் பெயர்கள் வரிசையாக, வரிக்கு ஒன்றாக இருந்தன. நாலாவது வரியை வெட்டினாள், இரண்டாவது வரியாக ஒட்டினாள். ஒரு பட்டனைத் தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் அருவி போலக் கொட்டின.

ஜலாலுதீன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அத்தியாயம் இடம் மாறியிருந்தது. ஆனால் பொருளடக்கம் பழையபடியே கிடந்தது. அவர் முகம் ரம்ஜான் பிறை கண்ட மாதிரி மலர்ந்தது.

"ஹா! பாத்தியா? சட்டி ஒரு எடம், சீட்டு ஒரு எடம்!"

"மொத வாட்டி அது கணக்கெடுக்கும் வாப்பா. ரெண்டாவது வாட்டிதான் எழுதும்." மறுபடி தட்டினாள்.

மாறிவிட்டது.

பொருளடக்கத்தில் எண்கள் மாறின. நாலு புள்ளி ஒன்று என்றிருந்த படம் இரண்டு புள்ளி ஒன்று ஆனது. ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில் எங்கோ ஒரு வரியில் "படம் நாலு புள்ளி ஒன்றைப் பார்க்க" என்று இருந்ததே, அதுவும் மாறியிருந்தது. ஜலாலுதீன் அந்த வரியைத்தான் குறிவைத்துக் காத்திருந்தார். அங்கேதான் எல்லாத் தட்டச்சுக்காரனும் கவிழ்வான். அவரே எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறார்!

வாய் பிளந்துவிடும் போலிருந்தது. அதை மறைக்க டீ கிளாஸை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார்.

"ஹா... ஸ்ஸ்ஸ்!"

"இன்னா ஆச்சுங்க?" என்றாள் மெஹர்னிசா.

"ஒண்ணுமில்ல" என்று நாக்கை வாய்க்குள் சுருட்டிக்கொண்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

ஷஹனாஸ் அச்சடிக்கக் கொடுத்தாள். கிழட்டு லேசர் பிரிண்டர் இருமி, முனகி, முதல் தாள்களைத் துப்பியது. ஜலாலுதீன் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. சமன்பாடுகள் வெள்ளிக்கிழமை உடுப்பு போட்டுக்கொண்டு நின்றன. அழகாக இருந்தது அவருக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. குறை தேடினார். இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்ததும் குறை தானாக வந்து மடியில் உட்கார்ந்தது.

"ஏம்மா, இந்த வரி எங்க போச்சு?"

"எந்த வரி?"

"'தண்ணீரில் தொண்ணூற்று நாலு'ன்னு நிக்குது. தொண்ணூத்தி நாலு இன்னா? நாயா, நரியா? அப்புறம் ஒண்ணும் காணோம். இங்க பாரு, 'எழுபத்திரண்டு'. அத்தோட பாராவே பூட்ச்சி." அவர் குரலில் தேன் ஒழுகியது. "நாப்பது பக்க அத்தியாயம் பாதியாயிடுச்சி. உன் பரிமாறவன் சட்டியோட ஓடிட்டான்!"

ஷஹனாஸ் தாள்களைப் பிடுங்கினாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவள் முகம் வெளுத்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கருவி மறுபடியும் அதே பாதி அத்தியாயத்தை அழகாகத் துப்பியது.

"நேத்து நல்லா இருந்துச்சே" என்றாள். "நாலு வருஷம் உம்மா..."

ஜலாலுதீன் வாயில் ஒழுகிய தேன் கசந்தது. தோற்கட்டும் என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தார்; தோற்றால் இப்படி ஒரு முகம் கூடவே வரும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

மெஹர்னிசா இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டி, கணவர் கையில் திணித்தாள்.

"யாருக்கு?"

"யாருக்கோ. எனக்குக் கோடு, கீடு, குறி ஒண்ணும் தெரியாது. அவ மிஷின வுட்டு நவுர முடியாது. நீங்க புடிங்க."

கடைக்குள் சிக்னல் கிடைக்காது. தகரக் கூரை. வாசல் சாக்கடைமேல் போட்ட கல்லில் ஒற்றைக் காலை வைத்து, உடம்பைத் தெருப்பக்கம் சாய்த்தால்தான் எடுக்கும். கீழே சாக்கடை மணக்க, எதிரே போண்டா மணக்க, கொக்கு மாதிரி நின்றார் ஜலாலுதீன்.

"ஹலோ உம்மா?"

அவர் தொண்டையைச் செருமினார். பிறந்ததிலிருந்து அந்தச் செருமலைக் கேட்டு வளர்ந்தவன் மொஹசின்.

"...வாப்பாவா?"

"வாப்பாவும் இல்ல, கீப்பாவும் இல்ல. நான் வெறும் போனு. நீ சொல்றத உள்ள சொல்வேன், உள்ள சொல்றத உனக்குச் சொல்வேன். தங்கச்சி தீசிஸ்ல வரி காணாமப் போவுது. கரண்ட்டு போவப்போவுது. சீக்கிரம்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு வேலைக் குரல். "வரி எந்த எடத்துல அறுந்து நிக்குதுன்னு கேளுங்க."

"எங்க அறுந்து நிக்குதுன்னு போனு கேக்குது!" என்று கடைக்குள் கத்தினார்.

"நம்பருல! எல்லாமே நம்பருல!"

"நம்பருலயாம்."

மொஹசின் சிரித்தான். "சதவீதக் குறி! லாடெக்குக்கு அந்தக் குறின்னா, 'இந்த வரில இதுக்கு மேல இருக்கறது உனக்கில்ல, படிக்காத'ன்னு அர்த்தம் வாப்பா. அதுக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ்னு ஒரு சாய்கோடு போட்டாத்தான் அதக் குறியா அச்சடிக்கும். போன வாரம் எனக்கு அனுப்பனப்ப எல்லாத்துலயும் கோடு இருந்துச்சே? யாராவது அந்த ஃபைல்ல கை வெச்சாங்களான்னு கேளுங்க."

இதை உள்ளே சொல்லவில்லை போன்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று தெருவில் நுழைந்தது. பேச முடியாத சத்தம். ஜலாலுதீன் அந்த லாரியை மனதார வாழ்த்தினார். அதன் தலை கும்மிடிப்பூண்டியிலும் வால் கவரைப்பேட்டையிலும் இருக்கட்டும், இன்று முழுவதும் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். லாரி போய்விட்டது. இரும்புத் தூசி அவர் வாயில் வந்து உட்கார்ந்தது.

"வாப்பா, அண்ணன் இன்னா சொல்லுது?" உள்ளிருந்து ஷஹனாஸ். "சொல்லுங்களேன், டைமு ஆவுது!"

அவர் திரும்பிப் பார்த்தார். மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே சாக்கடை. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதாக நினைத்தாரே, அந்தக் கைகளைப் பார்த்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நான்தான்" என்றார்.

"கேக்கல வாப்பா" என்றான் மொஹசின்.

"நான்தான்டா!" கடைத்தெருவே கேட்டது. "நான்தான் சலவ போட்டேன்! அழுக்குன்னு நெனச்சேன்! எல்லாக் கோட்டையும் தொடச்சிட்டேன்! போதுமா?"

பச்சையப்பன் போண்டா அரிக்கும் ஜாரணியை உயர்த்தியபடி நின்றான். உள்ளே ஷஹனாஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவதற்கு நேரமில்லை, அதுதான் ஜலாலுதீனின் அதிர்ஷ்டம்.

மொஹசினும் திட்டவில்லை. "நல்லதாப் போச்சு" என்றான். "ஒரே தட்டுல போச்சுன்னா ஒரே தட்டுல வந்துரும். அதே ரீப்ளேஸ் ஆல். சதவீதம்னு இருக்கற எடத்துல எல்லாம் பேக்ஸ்லாஷ் சதவீதம். சொல்லுங்க."

எந்தச் சனியனை அவர் கடை வாசற்படி தாண்டவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தாரோ, அதை இப்போது தெருவில் நின்று கூவ வேண்டியிருந்தது.

"பேக்ஸ்லாஷு!" என்று கூவினார். "பேக்ஸ்லாஷு போடு! சதவீதத்துக்கு முன்னாடி பேக்ஸ்லாஷு!"

"யார பாய் இம்மாம் அசிங்கமாத் திட்டற?" என்றான் பச்சையப்பன்.

உள்ளே தட்டும் சத்தம். ஒரு தடவை. இரண்டாம் தடவை. பிறகு, "வந்துருச்சி! வாப்பா, எல்லா வரியும் வந்துருச்சி!" பிரிண்டர் மறுபடி இருமத் தொடங்கியது.

"வந்துருச்சாம்" என்றார் போனில். அத்தோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மொஹசினும் வைக்கவில்லை.

"...சாப்டியாடா?" என்றது போன்.

அவன் பதில் சொல்வதற்குள், அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், மெல்ல, சிரிப்போடு கேட்டது: "யாரு, மாமாவா? நானும் ஒரு சலாம் சொல்லிக்கட்டா?"

ஜலாலுதீனின் ஒற்றைக் கால் கல்லைவிட்டு வழுக்கியது. கணுக்கால்வரை சாக்கடை. சிக்னல் போய்விட்டது.

மாமா?

பத்து மணி. கடைசித் தாள் தட்டில் விழுந்தது. மின்விசிறி மூச்சை விட்டது. கடைசித் தாளுக்கும் கரண்ட்டுக்கும் நடுவே ஒரு கொசு பறந்திருந்தால் அடிபட்டிருக்கும். ஷஹனாஸ் தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது தந்தையின் ஈரக் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சாயந்தரம் வந்து வெச்சிக்கறேன் உங்கள" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆட்டோ ரயிலடிப் பக்கம் திரும்பி மறைந்தது.

இருண்ட கடைக்குள் ஜலாலுதீன் காலைக் கழுவினார். மூன்று முறை சோப்பு போட்டும் நாற்றம் போகவில்லை. மெஹர்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேற இன்னா சொன்னான் புள்ள?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமயா சாக்கடைல எறங்கினீங்க?"

அவர் கால் விரல்களை இன்னொரு முறை கழுவினார். மாமா என்ற அந்தச் சொல் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. இதை இவளிடம் சொன்னால் அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிடுவாள். கிளம்பட்டுமா, வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

மெஹர்னிசா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மேஜை ஓரத்திலிருந்த டீ கிளாஸை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சரி, அது இருக்கட்டும். இதுக்கு பதிலச் சொல்லுங்க. டீ ஆறதுக்குள்ள மாத்திக் காட்டறேன்னாளே எம்பொண்ணு. நடந்துச்சா, இல்லியா?"

ஜலாலுதீன் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். சில்லிட்டுப் போய், மேலே தடியாக ஏடு கட்டிக்கொண்டு, அதில் ஓர் ஈயும் குடியேறியிருந்தது. அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

"பாரு, நல்லாப் பாரு! ஐஸு மாதிரி கீது. ஆறதுக்குள்ளயாமில்ல, ஆறதுக்குள்ள..."

"இது இப்ப. மொதல்ல அந்த நம்பரெல்லாம் மாறிச்சே, அப்ப?"

"அப்ப மட்டும் இன்னா..."

சொல்லும்போதே நாக்கு நுனி மேற்பல்லில் பட்டது. சுரீர் என்றது. வெந்துபோன இடம் சின்னக் கொப்புளமாகத் திரண்டு நின்றது.

மெஹர்னிசா காத்திருந்தாள். எதிர்க்கடையில் பச்சையப்பனும், கையிலிருந்த ஜாரணியும், அதிலிருந்த போண்டாவும் காத்திருந்தன.

ஜலாலுதீன் முகத்தைச் சுளித்தார். மூக்கும் புருவமும் நடுவழியில் சந்தித்தன. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வாயில் ஈ விழுந்தவர் அதைத் துப்பும் குரலில் சொன்னார்:

"சுட்டுச்சி. நடந்துச்சி."